கர்ப்பமாக இருக்கும்போது பழைய கறுப்பு அடைப்பைத் தோண்டி எடுக்கலாமா?

சேர்வராயன் மலையிலிருந்து வந்திருக்கும் கடிதம் இது. பெயர் வேண்டாம் என்று எழுதியவர் கேட்டுக்கொண்டிருப்பதால், அதை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு வயது 31. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். கணவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. வாசகி பிறந்து வளர்ந்தது ஓமலூர் பக்கம். சிறு வயதில் போர் தண்ணீர் குடித்ததால் முன்பற்களில் காவிக்கறை உண்டு. கல்லூரியில் படிக்கும்போது மூன்று கடைவாய்ப் பற்களில் சொத்தைக்குக் கறுப்பு அடைப்பு, அதாவது அமால்கம், வைத்திருக்கிறார்கள். இப்போது நான்கரை மாதக் கர்ப்பம். போன மாதம் முறுக்கு கடிக்கும்போது கீழ்க் கடைவாயில் ஓர் அடைப்பின் ஓரம் பெயர்ந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்கிறது, உணவு மாட்டிக்கொள்கிறது, ஆனால் ராத்திரியில் வலி இல்லை.

சேலத்தில் மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார். முதலில் போன புதிய கிளினிக்கில், "மூணுமே பாதரசம். வயித்துல இருக்கிற குழந்தைக்குப் போகும். ஐரோப்பாவுலயே தடை பண்ணிட்டாங்க. மூணையும் எடுத்துட்டு நானோ வெள்ளை வச்சிரலாம்" என்று சொல்லி, 21,000 ரூபாய் மதிப்பீட்டுக்கு 4,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். அடுத்து, குடும்பமே பல வருடமாகப் போகும் வயதான டாக்டர்: "நல்லா இருக்கிற ரெண்டை ஏம்மா நோண்டணும்? உடைஞ்சதுல மறுபடி அமால்கமே வச்சிரலாம், இருபது வருசம் அசையாது." மூன்றாவதாக ஒரு மருத்துவமனையில், "இப்போதைக்கு ஜி.ஐ.சி. வச்சு மூடிக்கலாம், பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்களாம். ஜி.ஐ.சி. என்பது கிளாஸ் அயனோமர் சிமெண்ட், பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும் அடைப்புப் பொருள்.

ஏழு வயது மகளுக்கும் கடைவாயில் சொத்தை. அவளுக்கும் அதே ஜி.ஐ.சி. சிமெண்ட் வைக்கலாம் என்கிறார்கள். அதிலிருந்து ஃப்ளோரைடு கசியும் என்று கேள்விப்பட்டதும் வாசகிக்குப் பயம் வந்துவிட்டது. தன் பற்கள் கெட்டதே ஃப்ளோரைடால்தானே என்கிறார். "விழப்போற பல்லுக்கு எதுக்குச் செலவு" என்பது கணவர் கட்சி. கஞ்சமலை சித்தர் கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த மாமனார், "கட்டின ரசம் விசமில்லம்மா, மருந்து. அந்தக் காலத்துல சித்தருங்க ரசமணியை வாயிலயே அடக்கிட்டு இருந்தாங்க" என்று, கெட்டியாக்கி மணியாக உருட்டிய பாதரசத்தைச் சொல்லித் தேற்றியிருக்கிறார். வாசகிக்கு அதிலும் நிம்மதி இல்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலைக் கதையைப் படித்ததிலிருந்து பாதரசம் என்ற சொல்லே கலக்குகிறது. "மூத்தவள் வயிற்றில் இருந்தபோதும் இந்த மூன்றும் என் வாயில்தானே இருந்தன? அவளுக்கு நானே ஏதாவது கெடுதல் செய்துவிட்டேனா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார். நடுவே, கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்றும் ஒரு வரி.

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது.

நீங்கள் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. வாயில் அமால்கம் அடைப்பு இருக்கும்போதே பிள்ளை பெற்ற தாய்மார்கள் உலகம் முழுக்கத் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். குழந்தைகளின் வாயிலேயே அமால்கம் வைத்துச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியிலும் போர்ச்சுகலின் லிஸ்பனிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அமால்கமும் மறுபிரிவுக்கு வெள்ளை அடைப்பும் வைத்து வருடக்கணக்கில் கவனித்தார்கள். முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. அமால்கம் வைத்த பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசம் சற்றுக் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் அறிவுத்திறனிலோ நினைவாற்றலிலோ இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாள், ஓடியாடுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

பாதரசம் எவ்வளவு, எங்கே, எப்போது

அமால்கத்தில் எடைக்கு ஏறக்குறைய சரிபாதி பாதரசம்தான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு, சிலவற்றில் கொஞ்சம் துத்தநாகம். கலந்த சில மணி நேரத்தில் இறுகிக் கெட்டியாகிவிடும். அதன் பிறகும் மெல்லும்போதும் பல்லை நறநறவென்று கடிக்கும்போதும் மிகச் சிறிய அளவில் பாதரச ஆவி வெளியேறுகிறது. இதை மறைத்துப் பேசும் பல் மருத்துவர்களால்தான் எங்கள் தொழில்மேல் சந்தேகமே வருகிறது. ஆக, கட்டிய ரசம் என்று உங்கள் மாமா சொன்னதில் பாதி உண்மை. அமால்கத்தில் பாதரசம் மற்ற உலோகங்களோடு சேர்ந்து கட்டுப்பட்டுத்தான் இருக்கிறது, ஆனால் துளிகூட வெளிவராது என்று சொல்ல முடியாது. அதற்காக யாரும் ரசமணியை வாயில் போட்டுப் பார்க்க வேண்டாம். கர்ப்பிணி கண்டிப்பாகக் கூடாது.

கொடைக்கானல் விஷயம் வேறு. 2001-இல் மூடப்பட்ட அந்த ஆலையில் தொழிலாளர்கள் வேலை நேரம் முழுக்கப் பாதரச ஆவியைச் சுவாசித்தார்கள், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு வெளியே போனது, சோலைக்காட்டு மண்ணிலும் பாதரசம் கலந்தது. அதற்கும் முன்னால், 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம் ஆலைக்கழிவிலிருந்து கடல் மீனில் சேர்ந்த மெத்தில் பாதரசம். வடிவமும் வேறு, அளவும் வேறு. உங்கள் கடைவாயில் இருக்கும் மூன்று அடைப்பை அந்த வரிசையில் வைக்க வேண்டாம்.

"தடை பண்ணிட்டாங்க" என்ற பேச்சுக்கும் ஒரு பின்னணி இருக்கிறது. மினமாட்டா பெயரிலேயே 2013-இல் ஓர் உலக ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 2018-இல் அதை ஏற்றுக்கொண்டது. பாதரசப் பயன்பாட்டை எல்லாத் துறையிலும் படிப்படியாகக் குறைப்பது அதன் நோக்கம், பல் மருத்துவமும் அதில் அடக்கம். முக்கியமான கவலை சுற்றுச்சூழல் பற்றியது. கிளினிக்கின் சாக்கடையில் போகிற துணுக்குகள், சுடுகாட்டுப் புகை எல்லாம் கடைசியில் நீரிலும் மீனிலும் சேர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் அமால்கத்தை நிறுத்தியிருப்பதும் உண்மையே, தவிர்க்க முடியாத மருத்துவத் தேவைக்கு மட்டும் விலக்கு. ஆனால் நிறுத்தியது புதிதாக வைப்பதை. ஏற்கெனவே வாயில் இருப்பதையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு வாருங்கள் என்று அங்கேயும் யாரும் மக்களைக் கூப்பிடவில்லை.

உங்கள் விஷயத்துக்கு நேராகப் பொருந்துவது இரண்டு அறிவுரைகள். 2022-இல் அதே ஒப்பந்தத்தில் சேர்த்த திருத்தம்: 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், தவிர்க்க முடியாது என்று மருத்துவர் கருதினால் ஒழிய, புதிதாக அமால்கம் வைக்க வேண்டாம். மற்றொன்று 2020-இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது: கர்ப்பிணிகள் போன்றவர்களுக்குப் புதிதாக வைப்பதைத் தவிர்க்கப் பாருங்கள், ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பை மருத்துவக் காரணம் இல்லாமல் அகற்றாதீர்கள். கெடுதல் நிரூபணமாகிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளை விஷயத்தில் போதிய ஆதாரம் சேரும்வரை எச்சரிக்கையாக இருப்போம் என்பதுதான்.

அகற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது. அமால்கம் அடைப்பிலிருந்து ஆவி அதிகமாகக் கிளம்புவது அதை வைக்கும் நேரத்திலும் டிரில் போட்டு எடுக்கும் நேரத்திலும்தான். கர்ப்பத்தின் நடுவில் மூன்றையும் ஒரே மூச்சில் தோண்டினால், எதற்குப் பயந்து அங்கே போனீர்களோ அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வதாக ஆகும். போதாததற்கு, ஒவ்வொரு முறை அடைப்பை மாற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகிறது. குழி ஆழமாகி நரம்பை எட்டிவிட்டால், அடைத்து முடிக்க வேண்டிய பல் வேர் சிகிச்சையில் போய் நிற்கும்.

ஆகவே, உடையாத இரண்டையும் தொட வேண்டாம்.

உடைந்த பல்லுக்கு இப்போது என்ன செய்வது

இதைப் பிரசவம்வரை தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பத்தில் பல் வைத்தியமே கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். தள்ளிப்போட்டு எட்டாம் மாதத்தில் சீழ் கட்டி, முகம் வீங்கி, நடுராத்திரியில் மலையிறங்கி வருவதுதான் நிஜமான ஆபத்து. நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம்வரை பல் வைத்தியத்துக்கு வசதியான காலம். நாற்காலியில் படுப்பதும் சிரமமில்லை. மரத்துப்போக வழக்கமாகப் போடும் லிக்னோகெயின் ஊசி கர்ப்பத்தில் ஏற்றதே. தேவைப்பட்டால் ஒரே ஒரு சிறு எக்ஸ்ரே, ஈய மேலங்கியும் கழுத்துப்பட்டையும் போட்டு எடுக்கலாம்.

ராத்திரி வலி இல்லை, குளிர்ச்சிக்கு மட்டும் சுருக்கென்கிறது என்கிறீர்கள். நரம்பு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ரேயில் அடைப்புக்குக் கீழே புதிய சொத்தை தெரியாவிட்டால், முழு அடைப்பையும் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பெயர்ந்த ஓரத்தை மட்டும் சுத்தம் செய்து, அந்த இடத்தில் ஜி.ஐ.சி.யோ காம்போசிட் எனும் வெள்ளை அடைப்போ வைத்து மூடிவிடலாம். பழுது பார்ப்பது என்றாலே அரைகுறை வேலை என்று நோயாளிகள் நினைக்கிறார்கள், சில மருத்துவர்களுக்கும் அது கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. என்னைக் கேட்டால் உங்களுக்கு இப்போது அதுவே சரியான வைத்தியம். கீழே சொத்தை இருந்தால் அந்த ஒரு பல்லில் மட்டும் பழையதை எடுத்தாக வேண்டும். அப்போது ரப்பர் டேம் போட்டு, நிறையத் தண்ணீர் பீய்ச்சி, பலமான உறிஞ்சு குழாயைப் பக்கத்திலேயே பிடித்து, தூளாக அரைக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். ரப்பர் டேம் என்பது பல்லைச் சுற்றிக் கட்டும் மெல்லிய ரப்பர் விரிப்பு. "அதெல்லாம் எதுக்கு" என்று கேட்கும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவமனை சொன்னதுதான் உங்களுக்கு மிக நெருக்கமான பதில். அவர்கள் விளக்கம் சொல்லாமல் சுருக்கமாகப் பேசியதால், தட்டிக்கழிக்கிறார்கள் என்று உங்களுக்குப் பட்டிருக்கிறது.

வெள்ளை என்றால் உயர்வா?

"வெள்ளை அடைப்புதான் லேட்டஸ்ட், கறுப்பு ஏழைகளுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் காதில் விழுகிற பேச்சு இது. காம்போசிட் என்பது பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகளும் கலந்தது. பற்களுக்கான முக்கியமான பிசினுக்கு அமெரிக்காவில் ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் 1955-இல் புவோனோகோர் என்பவர், எனாமலை அமிலத்தால் லேசாக அரித்தால் பிசின் அதில் பற்றிக்கொள்ளும் என்று காட்டியிருந்தார். இன்றைய வெள்ளை அடைப்பு அந்த இரண்டின்மேல்தான் நிற்கிறது. அழகாக இருக்கும், பல்லைக் குறைவாக வெட்டினால் போதும். முன்பல்லுக்கு அதைவிட்டால் நல்ல வழி இல்லை.

கடைவாய்க்கு வரும்போது கதை கொஞ்சம் மாறுகிறது. அமால்கத்தையும் காம்போசிட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் ஆய்வுரை, நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் காம்போசிட் தோற்றுப்போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட இருமடங்கு என்கிறது. அந்த ஆய்வுகள் பழையவை, பொருட்கள் இன்று மேம்பட்டிருக்கின்றன என்ற வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. ஆனாலும் அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை வருவது காம்போசிட்டில்தான் அதிகம். காரணத்தை உங்கள் கணவரிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். கொலுசில் பற்றவைக்கும் இடத்தில் அழுக்கோ எண்ணெயோ இருந்தால் பற்று நிற்குமா? காம்போசிட்டுக்கு எச்சில் அப்படி. அமிலம் வைத்துக் கழுவி, உலர்த்தி, பசை தடவி, இரண்டு இரண்டு மில்லிமீட்டர் அடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல விளக்கால் இறுக்க வேண்டும். நடுவில் எச்சில் பட்டால் வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே பிடிப்பு இருக்காது. அமால்கம் இவ்வளவு கோபக்காரப் பொருள் அல்ல. கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

உங்களுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஃப்ளோரைடு அதிகமாக ஏறிய எனாமல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. சேலம், தருமபுரி பக்கத்துப் பற்களைப் பார்த்துப் பழகியவர்கள் மேற்பரப்பை லேசாக உரசிவிட்டு, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைப்பார்கள். உங்கள் பிறந்த ஊரைப் பற்றி முதல் கிளினிக்கில் யாராவது கேட்டார்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. "நானோ" என்ற சொல்லைவிட அந்தக் கேள்வி உங்களுக்கு அதிகம் உதவியிருக்கும்.

ஏற்காட்டுக்காரர், அதுவும் எஸ்டேட்டில் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று நான் கேட்கப்போவதில்லை. காம்போசிட்டில் காபிக் கறை ஏறும், அவ்வளவுதான்.

மூன்று பேர் ஏன் மூன்று சொல்கிறார்கள்

மூவரில் யாரும் உங்களை ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பல் மருத்துவர்களுக்கும் பொருட்கள்மேல் பிடிப்பும் வெறுப்பும் உண்டு. அது பெரும்பாலும் படித்த காலத்தில் கையில் ஊறியது. உங்கள் குடும்ப டாக்டர் தலைமுறை, அமால்கத்தைத் திணித்து அழுத்தி, பல்லின் மேடுபள்ளத்தைச் செதுக்கிப் பழகியவர்கள். அவர்கள் வைத்த அடைப்புகள் பேரன் பேத்தி காலத்திலும் வாயில் இருப்பதைப் பார்க்கிறார்கள், அதனால் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் கர்ப்பிணிக்குப் புதிதாக அமால்கம் வைப்போம் என்றது இன்றைய அறிவுரைக்கு ஒத்துவரவில்லை. இளைய தலைமுறை காம்போசிட்டிலேயே கை பழகியது. அமால்கம் வைக்கும் பயிற்சி பலருக்கு இல்லை, கேட்டு வருபவர்களும் இல்லை. வெள்ளை அடைப்புக்குக் கட்டணமும் அதிகம். நாற்காலிக்கும் விளக்குக்கும் தவணை கட்டுகிற கிளினிக்கில் இந்தக் கடைசிக் காரணம் பேச்சில் கலக்காமல் இருக்காது. கலந்தால் தப்பில்லை, அதற்காகக் குழந்தையைச் சொல்லிப் பயமுறுத்தியதுதான் தப்பு.

நோயாளிகளிடமும் இதே கோளாறு உண்டு. சிமெண்ட் என்றால் மட்டம், ஜெர்மன் என்றால் உசத்தி, அரசு மருத்துவமனையில் வைத்தால் விழுந்துவிடும், எல்லாவற்றுக்கும் மேலாக, "புடுங்கிருங்க சார், தொல்லை விட்டது." பொருளின் பெயரைக் கேட்பதைவிட, "இந்தப் பல்லுக்கு ஏன் இது? வேறு என்ன வழி? ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் எரிச்சல்படாமல் பதில் சொல்கிறவரிடம் போங்கள், அவர் எந்தப் பொருளை வைத்தாலும் சரி.

மகளின் பல்: முதலில் எண்ணிப் பாருங்கள்

இங்கேதான் உங்கள் கணவர் தவறக்கூடிய இடம் இருக்கிறது. மகளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். ஆறாவதாக ஒரு பெரிய பல் இருந்தால், அது பால் பல் இல்லை. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் அது. ஆயுசு முழுக்க இருக்க வேண்டியது. பால் பல் என்று நினைத்து விட்டுவிட்டு, பத்து வயதில் வேரோடு இழந்து வரும் பிள்ளைகள் நிறையப் பேர். "கடைசிப் பல்லில் சொத்தை" என்று மட்டும் நீங்கள் எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எண்ணிக்கையில் நான்காவதோ ஐந்தாவதோ என்றால் பால் பல்தான். அதுவும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள்தான் விழும். அதுவரை மெல்ல வேண்டும், கீழே வரும் பல்லுக்கு இடம் பிடித்துக் கொடுக்க வேண்டும். மேல்பரப்பில் சிறு குழி என்றால் ஜி.ஐ.சி. போதும். இது பல்லோடு தானே வேதிமுறையில் ஒட்டிக்கொள்ளும், எச்சிலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், சீக்கிரம் முடியும். நாற்காலியில் நெளிகிற ஏழு வயதுக்கு இந்த மூன்றும் முக்கியம். இரண்டு பற்களுக்கு இடையில் சொத்தை புகுந்திருந்தால் சிமெண்ட் சீக்கிரம் உடையும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேப் நல்லது. ஹால் முறை என்று ஒன்று இருக்கிறது, ஊசியும் டிரில்லும் இல்லாமல் கேப்பை அப்படியே பொருத்திவிடுவார்கள். பல் வெள்ளியாகத் தெரியும் என்று தயங்காதீர்கள். ஸ்டீல் ஆலை இருக்கிற ஊரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நான் நற்சான்று தர வேண்டியதில்லை.

ஃப்ளோரைடு பயத்துக்கு வருகிறேன். உங்கள் பற்களில் கறை விழுந்தது, பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வயதில், வருடக்கணக்கில் குடித்த தண்ணீரால். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஃப்ளோரைடு இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய கிணறுகள் சேலம், தருமபுரி மாவட்டங்களில் உண்டு. ஜி.ஐ.சி.யிலிருந்து கசிவது அந்த இடத்துப் பல்லைக் காக்கும் அளவுக்கு மிக மிகக் கொஞ்சம், அதனால் கறை விழாது. மகளுக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போட்டு, துப்பச் சொல்லிக்கொடுங்கள். விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே இப்போது குடிப்பது போர் தண்ணீரா, மேட்டூர்த் தண்ணீரா என்று மட்டும் விசாரியுங்கள்.

முன்பணம்

வேலை எதுவும் தொடங்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் இவற்றைச் சொல்லிப் பெறுவதுதான் செல்லுபடியாகும் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "குழந்தைக்கு ஆபத்து" என்பதை மட்டும் சொல்லி, அகற்றும்போது வரும் ஆபத்தைச் சொல்லாமல் விட்டது முழுமையான விளக்கம் ஆகாது. சண்டைக்குப் போகாமல், ஒரு தாளில் "சிகிச்சை தொடர விரும்பவில்லை, பரிசோதனைக் கட்டணம் போக மீதியைத் தரவும்" என்று எழுதி, ரசீது நகலோடு கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் பெறுங்கள். எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதன் நகலையும் கேளுங்கள். மறுபடி எடுக்க வேண்டியிராது. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் சேலத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் 4,000 ரூபாய்க்காக ஏழாம் மாதத்தில் அங்கே ஏறி இறங்குவது தேவையா என்று யோசியுங்கள். நானாக இருந்தால் கடிதத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

மலையிறங்கும் முன்

உடைந்த பல்லை இரண்டு வாரத்துக்குள் காட்டுங்கள். மூன்றாவது இடத்துக்கே போகலாம், அல்லது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். கர்ப்பகால அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மகளையும் அதே நாளில் கூட்டிப்போனால் இருபது கொண்டை ஊசி வளைவை இரண்டு முறை தாண்ட வேண்டாம்.

அந்த வளைவுகளில் வாந்தி வருகிறது, உடனே பல் தேய்த்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தேய்க்காதீர்கள். வயிற்று அமிலம் பட்டு இளகியிருக்கும் எனாமலைப் பிரஷ் உரித்துவிடும், ஜி.ஐ.சி.யையும் அமிலம் அரிக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளியுங்கள், இல்லாவிட்டால் வெறும் தண்ணீர் போதும். அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

நடுவில் வலி வந்தால் பாராசிட்டமால் மட்டும், அதையும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. மெடிக்கல் ஷாப்பில் "பல்வலிக்குக் கொடுங்க" என்று வாங்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரோஃபெனோ இருக்கும், அவை இப்போது உங்களுக்கு ஆகாது. ராத்திரியில் தானாக வலி தொடங்கினாலோ, கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ இரண்டு வாரம் என்ற கணக்கை மறந்துவிட்டு அன்றைக்கே இறங்கி வாருங்கள்.

முன்பல் கறையையும் சேர்த்து இப்போதே வெள்ளையாக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். அது அழகுக்கான வேலை, அவசரமில்லை. குழந்தை பால்குடி மறந்த பிறகு எழுதுங்கள், அப்போது என்னென்ன வழி உண்டு என்று விவரமாகப் பார்க்கலாம்.